செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த கூட்டம்

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். நான் முதலில் பார்த்தது ஒரு பச்சை நிறத் தண்ணீர் பாட்டில். அது சாலையின் குறுக்கே உருண்டு போய் நடைபாதை விளிம்பில் முட்டி நின்றது. மூடி கழன்று தண்ணீர் வழிந்தது. அதற்குப் பிறகுதான் குழந்தையைப் பார்த்தேன்.

1997, செப்டம்பர் கடைசி. கல்கத்தாவில் துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைச் சாலையில் பந்தலுக்காக மூங்கில் நட்டுப் பாதி வழியை அடைத்திருந்தார்கள். மூங்கிலைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. என் கணவர் டேனியல் ஸ்கூட்டர் ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். துணியின் மறைவிலிருந்து பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்தாள். ஸ்கூட்டரின் கைப்பிடி அவள் தோளில் பட்டது. அவள் தலை நடைபாதைக் கல்லில் மோதியது.

நாங்கள் வேகமாகப் போகவில்லை. இதை அன்றே பலமுறை சொன்னேன். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

அவள் நீச்சல் வகுப்பு முடிந்து வந்தவள். தலைமுடி முழுக்க ஈரம். அதனால் எது தண்ணீர், எது ரத்தம் என்று முதலில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. டேனியல் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடினார். கல்கத்தாவில் வண்டி ஓட்டும் எவரும் இதைச் செய்யமாட்டார்கள். விபத்து நடந்தால் நிற்காமல் நேரே காவல் நிலையத்துக்குப் போய்விட வேண்டும். இந்த ஊரில் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் முதல் நாளே சொல்லித் தரும் பாடம் அது. டேனியல் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் மாற்றலாகி இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வங்காளம் தெரியாது. விழுந்த பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

நான் இங்கேயே பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஓர் ஆங்கில நாளிதழில் துணை ஆசிரியராக இருக்கிறேன். சாலை விபத்துக்குப் பின் கூட்டம் அடித்துக் கொன்ற ஓட்டுநர்களைப் பற்றிய செய்திகள் என் மேசைக்கு வரும். உள்பக்கத்தில் நான்கு வரி. என்ன நடக்கப் போகிறது என்று அந்தச் சாலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

பந்தல் வேலையில் இருந்த தெருக் கிளப் இளைஞர்கள்தான் முதலில் வந்தார்கள். டாக்சி ஒன்றை மறித்து நிறுத்தினார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்த சிறுமியின் சித்தப்பா அவளை மடியில் போட்டுக்கொண்டு ஏறினார். டேனியலும் ஏறப் போனார். யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். டாக்சி போனது. நாங்கள் நின்றோம்.

அவர்கள் வங்காளத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். மத்ராஜி என்பது தெற்கத்தியர் எல்லோருக்கும் அவர்கள் வைத்த பெயர்.

"குடிச்சிருக்கானா பாரு!"

"குடிக்கல. மத்ராஜி. இவனுங்களுக்குக் குடிக்காமலே கண்ணு தெரியாது."

"டேய் மத்ராஜி, இட்லி சுடுற கையால ஸ்கூட்டர் ஓட்ட எவன்டா சொன்னான்?"

சிரித்தார்கள். பிறகு அடித்தார்கள். முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டாவது டேனியலின் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதனாலேயே அடித்தது. அதற்குப் பிறகு என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. நான் வங்காளத்தில் கத்தினேன். அவர் நின்றார், ஓடவில்லை, குழந்தையைத் தூக்கியவரே அவர்தான் என்று கத்தினேன்.

"பாத்தியா, பொண்டாட்டி நம்ம பாஷை பேசுறா. இங்கேயே பொறந்து இங்கேயே தின்னு, நம்ம புள்ளை மேலயே ஏத்துறாங்க."

காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெண் என் கன்னத்தில் அறைந்தார். அவருக்கு என் அம்மா வயது. அறைந்துவிட்டுத் தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஜெபித்தேன். வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. 'கர்த்தாவே, இவரை விடுவியும்' என்ற ஒரே வாக்கியம். அடி நிற்கவில்லை. மறுபடி ஜெபித்தேன். மூங்கில் கழியோடு ஒருவன் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். மற்றவர்கள் வழிவிட்டார்கள். அவனை எல்லோரும் பாபி-தா, அதாவது பாபி அண்ணன், என்று அழைத்தார்கள். அடிபட்ட சிறுமியின் அண்ணன் அவன்.

அந்த நிமிடத்தில் என் ஜெபம் மாறியது. இந்தத் தெரு பற்றி எரியட்டும் என்று கேட்டேன். கர்த்தர் செய்ததைச் சாட்சியாக எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட வரியை விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை, ஏனென்றால் அடுத்து நடந்தது நெருப்பைப் பற்றியதுதான்.

ஒருவன் எங்கள் ஸ்கூட்டரைச் சாய்த்துப் பெட்ரோல் குழாயைப் பிடுங்கினான்.

"கொளுத்துடா!"

"ஏய் கழுதை, பந்தல் துணி பக்கத்துல இருக்கு! பத்திக்கிட்டா பூஜையை உங்க வீட்டு மொட்டை மாடியிலயா வைப்ப?"

"அப்ப அந்தப் பக்கம் தள்ளு."

"அந்தப் பக்கம் டாக்டர் வீட்டு கேட். அந்த அம்மா வாயில யார் விழறது?"

"அப்ப எங்கதான் கொளுத்துறது, சொல்லு!"

கல்கத்தாவில் நான்கு பேர் சேர்ந்தால் ஐந்து கருத்து இருக்கும். ஸ்கூட்டரை எந்த இடத்தில் எரிப்பது என்று சண்டை வந்தது. பாபியே கழியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சண்டைக்குள் போனான். பாதிப் பேர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போக, கூட்டத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அப்போதுதான் மத்தளச் சத்தம் கேட்டது. அது முன்பே ஒலித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கு அப்போதுதான் கேட்டது.

சாலையின் அந்த ஓரத்தில் ஜப்பான்காரர்களின் புத்தர் கோயில் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பே ஜப்பானிலிருந்து வந்த துறவிகள் கட்டியது. வெள்ளைக் கட்டடம், தாழ்ந்த கேட், சிறிய தோட்டம். கரியாஹாட் சந்தையின் இரைச்சலிலிருந்து நடந்து போகும் தூரம்தான், ஆனால் அந்தக் கேட்டுக்குள் இலை விழுந்தாலும் கேட்கும். காலையிலும் மாலையிலும் அங்கே மத்தளம் அடித்து ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சிறுவயதிலிருந்து அந்த வழியாகப் போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை. விக்கிரகம் இருக்கும் இடத்துக்குள் கால் வைக்காதே என்று வளர்க்கப்பட்டவள் நான்.

டேனியலின் கையைப் பிடித்து இழுத்தேன். கேட் திறந்திருந்தது.

"எங்கட்டி இழுக்க?" என்றார். உதடு கிழிந்திருந்ததால் பேச்சு குழறியது.

"பேசாம வாங்க."

படி ஏறினோம். உள்ளே பளிங்குத் தரை, நடுவில் பாய்கள், எதிரே பொன் நிறப் புத்தர். மஞ்சள் அங்கி அணிந்த வயதான ஜப்பானியத் துறவி ஒருவர் பெரிய மத்தளத்தின் முன் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். டேனியலின் முகத்தைப் பார்த்தார். கை நிற்கவில்லை. மந்திரமும் நிற்கவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை. நான் டேனியலை ஒரு தூணின் அடியில் உட்கார வைத்தேன்.

வெளியே ஸ்கூட்டரை விட்டுவிட்டார்கள். "மேலே ஏறிட்டான்!" என்ற குரல் கேட்டது. கேட் சுவரில் மோதும் சத்தம். தோட்டத்தில் ஓடும் கால்கள். படிக்கட்டு வரை வந்துவிட்டார்கள்.

அங்கே நின்றார்கள்.

"ஜூதோ கோல்!" என்று பாபி பின்னால் திரும்பிக் கத்தினான். செருப்பைக் கழற்றுங்கடா என்று அர்த்தம். அவனே முதல் ஆளாகக் குனிந்தான்.

"பாபி-தா, இது பூஜைக்கு எடுத்த புது ஷூ. யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"அப்ப நீ நின்னு காவல் காத்துக்க."

"நான் ஏன் நிக்கணும்? முதல் அடி நான்தான் அடிச்சேன். ஷந்து நிக்கட்டும்."

"நான் நிக்க மாட்டேன், போன வருஷம் பூஜையிலயும் நான்தான் நின்னேன்."

"தள்ளாதடா, லேஸ் முடிச்சு விழுந்துடுச்சு. இரு, இரு."

இதை நான் கேலிக்காக எழுதவில்லை. அவர்கள் கையில் மூங்கில் இருந்தது. ஓர் ஆளைக் கொல்லும் மனநிலையில் இருந்தார்கள். புத்தர் அவர்கள் வீட்டில் கும்பிடும் தெய்வமும் இல்லை. ஆனாலும் கோயில் படியில் செருப்போடு ஏற அவர்களுக்குக் கால் வரவில்லை. முன்னால் இருந்தவர்கள் குனிந்து நின்றதால் பின்னால் வந்தவர்கள் ஏற முடியவில்லை. ஓடி வந்த வேகம் அந்த மூன்று படிகளில் உடைந்தது.

முதலில் உள்ளே வந்த பாபியின் கண் டேனியலின் காலில் விழுந்தது.

"பாருங்கடா! செருப்போட ஏறி உக்காந்திருக்கான்!"

கூட்டம் மறுபடி உறுமியது. ஓடி வந்த அவசரத்தில் எங்கள் இருவர் காலிலும் செருப்பு இருந்தது. அந்த மண்டபத்தில் அவமரியாதை செய்தவர்கள் நாங்கள் மட்டும்தான். நான் என் செருப்பை உதறிவிட்டு டேனியலின் ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்தேன். ரத்தத்தில் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விரல் நழுவியது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். இரண்டு ஷூக்களையும் என் செருப்பையும் எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவிலேயே நடந்து போய்ப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். யாரும் என்னைத் தொடவில்லை.

துறவி அப்போதுதான் எழுந்தார். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வழிபாட்டு நேரத்தில் யார் வந்தாலும் கையில் ஒரு சிறிய மத்தளமும் குச்சியும் கொடுப்பார்கள். விசிறி போல் கைப்பிடி வைத்த மத்தளம். சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று அங்கே யாரும் கிடையாது. துறவி சுவர் ஓரம் இருந்த மத்தளங்களில் ஒன்றை எடுத்தார். பாபியின் முன் நின்று இரண்டு கையாலும் நீட்டினார்.

கோயிலில் இரண்டு கையால் நீட்டியதை வங்காளி மறுக்கமாட்டான். பாபி வலது கையால் மத்தளத்தை வாங்கினான். குச்சியை வாங்க இடது கை வேண்டியிருந்தது. அதில் மூங்கில் கழி இருந்தது. ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு கழியைச் சுவரில் சாத்திவிட்டுக் குச்சியை வாங்கினான்.

துறவி அடுத்தவனிடம் போனார். அதற்கடுத்தவனிடம். பின்வரிசையில் ஒருவன், "பாபி-தா, ஆரத்திக்கு அடிக்கிற மாதிரி அடிச்சுத் தள்ளு" என்றான். யாரோ 'களுக்' என்று சிரித்து அடக்கினார்கள். துறவி என்னிடமும் ஒரு மத்தளத்தை நீட்டினார். நான் கைகூப்பினேன், வாங்கவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பாபி உட்காரவில்லை. மத்தளத்தை அடிக்கவும் இல்லை. தூணின் அருகே வந்து என்னிடம் சொன்னான். இந்த முறை சத்தம் போடவில்லை. அதனால் அதிகம் பயந்தேன்.

"போவ்தி, நல்லாக் கேட்டுக்க. சித்தப்பா ஆஸ்பத்திரியிலேருந்து வரட்டும். என் தங்கச்சி பொழைச்சிருந்தா போலீஸ்கிட்ட குடுப்போம். செத்திருந்தா உன் புருஷன் இந்தப் படி இறங்க மாட்டான்."

போவ்தி என்றால் அண்ணி. தெருவில் எந்தக் கல்யாணமான பெண்ணையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"குழந்தை பேர் என்ன?" என்று கேட்டேன். "ஜெபம் பண்ண வேணும்."

"உன் வாயால அவ பேரைச் சொல்லாத."

அதற்குப் பிறகு எல்லோரும் காத்திருந்தோம். கொல்ல வந்தவர்கள் ஒரு பக்கம். நாங்கள் ஒரு பக்கம். நடுவில் அந்த மத்தளம். அன்று அலைபேசி யாரிடமும் இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை. என் மனதில் ஒரு கேள்வி. இந்த இடத்தில் கர்த்தரைக் கூப்பிடலாமா? எதிரே சிலை. காதில் வேறு மதத்தின் மந்திரம். கண்ணை மூடினால் அந்த மந்திரத்தின் தாளத்திலேயே என் ஜெபமும் ஓடியது. நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன்.

டேனியல் எனக்காகக் காத்திருக்கவில்லை. தூணில் சாய்ந்தபடியே கைகளை மடியில் விரித்துச் சத்தமாகவே ஜெபிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிற அதே குரல்.

"என்னவோ மந்திரம் போடுறான்!" என்று ஒருவன் எழுந்தான். "வாயை மூடச் சொல்லு அவனை. தங்கச்சிக்கு ஏதாவது வெச்சிடப் போறான்."

"மந்திரமில்ல. ஜெபம்" என்றேன்.

"என்ன சொல்றான்? சொல்லு" என்றான் பாபி. "ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு."

பிறர் சொல்வதை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது என் அன்றாட வேலை. தேவையில்லாததை வெட்டுவதும் என் வேலை. டேனியல் சொன்னது இதுதான்.

"ஆண்டவரே, இவங்க என்னைய என்ன செஞ்சாலும் செய்யட்டும். அந்தப் பிள்ளைய மட்டும் பொழைக்க வையும். அவளப் பெத்தவ வயித்துல பாலை வாரும்."

அந்த முதல் வாக்கியத்தை விட்டுவிட நினைத்தேன். இவங்க என்னைய என்ன செஞ்சாலும் செய்யட்டும். அதை வங்காளத்தில் சொன்னால், அவர்கள் கையில் அனுமதி கொடுத்தது போலாகும். கொல்ல வந்தவர்களிடம், கொல்லுங்கள் என்று என் வாயாலேயே சொல்வதாகும். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. டேனியல் என்னைப் பார்த்தார்.

"சொல்லு கிரேசு. முழுசாச் சொல்லு."

"சும்மா இருங்க. ஒங்களுக்கு இவங்களத் தெரியாது."

"எனக்குத் தெரிய வேண்டாம். சொல்லு."

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சொல்லும்போது என் கணவர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. சொல்லி முடித்ததும் அது என் ஜெபமாகவும் ஆகிவிட்டது. வேண்டி விரும்பிச் செய்ததல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியவில்லை. அதுவரை நான் அந்தக் குழந்தைக்காக ஒரு முறைகூடக் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாபி என்னை முறைத்துப் பார்த்தான். பிறகு ஷந்து என்பவன், ஷூவுக்குக் காவல் நிற்க மறுத்தவன், மெதுவாகச் சொன்னான்.

"டும்பா. அவ பேரு டும்பா."

"உன்னை யார்டா கேட்டா?" என்று பாபி சீறினான்.

"பேர் இல்லாம எப்படி பாபி-தா கேப்பாங்க? தபால்காரனுக்கே பேர் வேணும்."

பாபி சுவரோரம் போய் உட்கார்ந்தான். மத்தளத்தை ஒரு முறை அடித்தான். துறவியின் தாளத்தோடு அது சேரவில்லை. இரண்டாவது முறை சேர்ந்தது. டேனியல் டும்பா என்ற பெயரைச் சேர்த்து மறுபடி ஜெபித்தார். நானும் மறுபடி மொழிபெயர்த்தேன். இந்த முறை யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்சி வந்து நின்ற சத்தம் கேட்டபோது வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா படியேறினார். அவர் சட்டை முன்பக்கம் ரத்தமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முதலில் கேட்டது, "இங்கே என்னடா பண்றீங்க எல்லாரும்?"

"சித்தப்பா, டும்பா?" என்றான் பாபி.

"கண்ணைத் திறந்துட்டா. என் நீச்சல் பை எங்கேன்னு கேக்கறா. அதைத் தொலைச்சிட்டு வந்தா அம்மா அடிப்பாளாம்."

நான் தரையில் முகத்தை வைத்து அழுதேன். 'ஸ்தோத்திரம்' என்று டேனியல் சொன்னது கேட்டது. கூட்டத்தில் யாரோ வாய்விட்டு அழுதார்கள். யாரென்று பார்க்கவில்லை. பின்னர், அது பாபி என்று ஷந்து சொன்னான். பாபி இன்றுவரை மறுக்கிறான்.

அவர்கள் திருந்திப் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. வாசலில் செருப்புகள் கலந்துபோய், இது என்னுடையது, அது உன்னுடையது என்று அடுத்த சண்டை தொடங்கியது. பாபி மத்தளத்தைத் துறவியிடம் கொடுத்தான், மூங்கிலை எடுத்துக்கொண்டான். கடைசியாக என்னிடம் வந்தான்.

"நாளைக்கு டாக்டர் வேற மாதிரி சொன்னா வீட்டுக்கு வருவேன். வீடு எங்கேன்னு கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாது."

போலீஸ் ஜீப் அதற்குப் பிறகுதான் வந்தது. டேனியலை ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஜாமீனில் வந்தார். இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை.

அந்த வார இறுதியில் நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதே மாலை நேரம். ஒரு கூட்டமும் இல்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. மண்டபம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. துறவியிடம் வங்காளத்தில், அன்று ஏன் நீங்கள் யாரையும் தடுக்கவில்லை, ஏன் மத்தளம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என்னைவிடச் சுத்தமான வங்காளம். "மாலை வழிபாட்டு நேரம். வந்தவர்களுக்குக் கொடுத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் தூணருகே உட்கார்ந்து என் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இந்த முறையும் மத்தளம் வாங்கவில்லை.

மருத்துவமனைக்கும் போனோம். டும்பாவின் அம்மா வார்டு வாசலிலேயே நிறுத்தினார். "உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு அந்த ரத்தம்தான் ஞாபகம் வருது. போங்க" என்றார். போனோம். மறுபடி வந்தோம். மறுபடியும் போகச் சொன்னார். மூன்றாவது முறை ஒரு ஸ்டூலைக் காலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். டேனியல் அதில் உட்கார்ந்தார்.

இந்தச் சாட்சியை முதலில் சொன்னது பவானிபூரில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் ஜெபக் கூட்டத்தில். ஆறுதல் எதிர்பார்த்துப் போனேன். புஷ்பம் அக்கா, எங்கள் கூட்டத்தில் மூத்தவர், முடிக்கும்முன்னே கேட்டார்.

"ஏம்மா கிரேசு, ஓடி ஒளிய வேற எடமே கெடைக்கலியா? விக்கிரகத்துக்கு முன்னால ஜெபம் பண்ணினா அது எங்கம்மா போய்ச் சேரும்?"

"போய்ச் சேந்துச்சுக்கா" என்றார் டேனியல். "அதான் ஒங்க முன்னால உக்காந்துருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அதன் பிறகு பல மாதம் என்னிடம் பேசவில்லை. கூட்டத்தின் செயலாளர் அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சாட்சி நல்ல சாட்சிதான். நம்ம பத்திரிகையில போட்ருவோம். அந்த எடத்த மட்டும் 'ஒரு பாதுகாப்பான கட்டடம்'னு மாத்திருவோம். விசுவாசிக எடறிறக் கூடாது பாருங்க."

"கட்டடம்னு மாத்தினா அவங்க எதுக்கு அண்ணாச்சி செருப்பக் கழட்டினாங்க?"

"செருப்பும் வேண்டாமே."

செருப்பு இல்லாவிட்டால் என் கணவர் இல்லை. என் தொழிலில் இடம் என்பது செய்தியின் பாதி. இடத்தை மாற்றினால் அது வேறு செய்தி. வேண்டாம் என்றேன். அது வெளிவரவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2004-ல், வேறு பத்திரிகையான உங்களிடம் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

என்னில் மாறியதைச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். என்னை அறைந்த அந்தப் பெண்ணைச் சந்தையில் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் அவருக்காகவும் ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டாவது. கூட்டம் அடித்த ஓட்டுநர் செய்தி மேசைக்கு வந்தால் நான்கு வரிக்குச் சுருக்குவதில்லை. அவர் பெயர் என்ன, அடிபட்ட குழந்தையின் நிலை என்ன என்று நிருபரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். டேனியல் வங்காளம் கற்றுக்கொண்டார். பாபி இப்போது எங்கள் வீட்டுக்கு வந்து போகிறான். வந்தால் டேனியல் அவனைத் திட்டவும் செய்கிறார், சாப்பிடவும் சொல்கிறார், இரண்டும் வங்காளத்தில்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஓர் இடத்தில், உங்களை வெறுக்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கலாம். ஜெபிக்க ஏற்ற இடம் இது அல்ல என்று காத்திருக்காதீர்கள். நம் சபையில் கேட்கிறவர் அங்கேயும் கேட்கிறார். நமக்குப் பழக்கமில்லாத கைகளைக் கொண்டும் உதவுகிறார். எதிரியின் குழந்தைக்காகக் கேட்க வேண்டியிருந்தால், அந்த வரியை விட்டுவிடாமல் கேளுங்கள். நான் கேட்டேன். எனக்குக் கொடுத்தார். அவருக்கே மகிமை.

டும்பாவுக்கு இப்போது பதினேழு வயது. பூஜை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளிடம் பேசும்போது நாங்கள் அவளுக்கு வலது பக்கம் உட்காருவோம். இடது காது அவளுக்குக் கேட்காது.